மலையகத்துக்கு வரும் மனநல வைத்தியர் கற்பிப்பவராகவும் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

மலையகத் தோட்டங்களில் நிகழும் தற்கொலைகள், குடியினால் சிதைந்துபோகும் குடும்பங்கள், லயம் எனப்படும் வரிசை வீட்டின் பின்னறையில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்படும் மனநோயாளர்கள் ஆகியோரைப் பற்றிய செய்திகள் தங்கள் பத்திரிகையில் வெளிவரும்போதெல்லாம், எங்கள் மாவட்டங்களுக்குக் கூடுதலான மனநல வைத்தியர்களை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே வருகிறது. கோரிக்கை நியாயமானது. இலங்கையில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல வைத்திய நிபுணர்கூட இல்லை என்பதும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டை விட்டுச் சென்ற வைத்தியர்களில் இத்துறையினரும் அடங்குவர் என்பதும் யாவரும் அறிந்தவை. ஆனால் நியமனம் கிடைத்தால் போதும் என்று நாம் நின்றுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வருகின்றவர் கிளினிக்கில் அமர்ந்து மாத்திரை எழுதிக் கொடுப்பதோடு தம் கடமை முடிந்தது என்று கருதும் ஏற்பாட்டில் வருகிறாரா, அல்லது மாவட்டம் முழுவதற்குமான மனநலச் சேவையை வழிநடத்தவும், தமக்குக் கீழுள்ளவர்களுக்குக் கற்பிக்கவும், இந்த மலைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தும் சிகிச்சை முறைகளைக் கொண்டுவரவும் தேவையான அதிகாரத்தோடும் கால அவகாசத்தோடும் வருகிறாரா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

ஒரு மனநல வைத்தியரின் வாழ்நாள் பணி எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குத் தமிழ் உலகிலேயே சிறந்த சான்று உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல வைத்தியராகப் போற்றப்படும் டொக்டர் சாரதா மேனன் 1959ஆம் ஆண்டு சென்னை கீழ்ப்பாக்கம் அரசினர் மனநல மருத்துவமனையில் சேர்ந்து, பின்னர் அதன் கண்காணிப்பாளராகி, 1978ஆம் ஆண்டு ஓய்வுபெறும் வரை அதனை நடத்தினார். மனநோயாளரைக் கண்காணாத இடத்தில் பூட்டி வைப்பதே வழக்கமாயிருந்த காலம் அது. அவர் நோயாளர்கள் குணமடைந்து வீடு திரும்புவதையும், தொழில் பழகித் தம் காலில் நிற்பதையும் சிகிச்சையின் பகுதியாகவே கொண்டார். ஓய்வுபெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1984ஆம் ஆண்டில், மனச்சிதைவு நோயாளருக்காகவும் அவர்தம் குடும்பங்களுக்காகவும் 'ஸ்கார்ப்' என்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 1992ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2021ஆம் ஆண்டு டிசம்பரில், 98ஆவது வயதில் மறைந்தார். அவர் தம் கையால் எத்தனை நோயாளரைப் பார்த்தார் என்பதைக் காட்டிலும், அவரிடம் பயின்றவர்களும் அவர் தொடங்கிய நிறுவனமும் இன்றுவரை எத்தனை குடும்பங்களுக்குத் துணை நிற்கின்றன என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

நம் நாட்டிலும் அத்தகையோர் இல்லாமலில்லை. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மருத்துவ பீட மாணவர்களுக்குக் கற்பித்ததோடு, கிராமங்களில் உளநலப் பணியாற்றக்கூடியவர்களைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். கிழக்கில் வைத்தியர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் இருந்தபடி, கையிலிருந்த சொற்ப வளங்களைக் கொண்டு மாவட்டச் சேவையைக் கட்டியெழுப்பினார். வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தின் நடுவே செய்ய முடிந்த ஒன்றை, குண்டு விழாத நுவரெலியாவிலும் பதுளையிலும் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கே நிலைமை எப்படி இருக்கிறது என்பதை, தோட்ட நலன்புரிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டவாறு சொல்கிறேன். தோட்டத்தின் ஒரு பிரிவான மேல் டிவிஷனில் வசிக்கும் ஒரு தாய் தன் மகனைக் கிளினிக்குக் கூட்டிச் செல்வதானால், இருட்டோடு எழுந்து, கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பேக்கில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மழையில் நனைந்த குறுக்குப் பாதையில் பிரதான வீதி வரை நடந்து, பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். மகன் பஸ்ஸில் ஏற மறுத்தால் ஆட்டோ பிடிக்க வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும். அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், அவளுக்கு இல்லை. இலக்கம் எடுத்து, வாங்கில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்று, நண்பகலை அண்டிய வேளையில் வைத்தியர் முன் அமரும்போது அவளுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. வெளியே நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கையில் எவரானாலும் அப்படித்தான் செய்ய முடியும். அடுத்த மாதம் தோட்டத்தில் கொழுந்து நிறைந்திருக்கும் நாளில் கிளினிக் வந்தால் அவள் போகமாட்டாள். மருந்து நிற்கும். சில கிழமைகளில் நோய் திரும்பும். பின்னர் அந்த இளைஞன் லொறியில் கட்டிக் கொண்டுபோகப்படும்போது, 'மருந்தை ஒழுங்காகப் போடவில்லை' என்று பழி மட்டும் தாய்மேல் விழும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிவைப் படம் பிடித்துக் காணலாம். நீரிழிவை இரத்தம் காட்டிவிடும். மனநோயை அறிவதற்கு நோயாளியின் பேச்சையும் வீட்டாரின் பேச்சையும் விட்டால் வேறு கருவி இல்லை. மகன் இரவெல்லாம் விழித்திருப்பதையும், கோழிக்கூட்டின் பக்கமிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்வதையும், தாய் சமைத்த சோற்றைத் தொட மறுப்பதையும், கிணற்றடியில் பெண்களை முறைத்துப் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததையும் ஒரு தாய் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்க, நடுவில் நின்ற சிற்றூழியர் அதனை 'தூக்கமில்லையாம்' என்று வைத்தியருக்குச் சுருக்கிச் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தச் சிற்றூழியர் நல்லவர். தம் வேலையை விட்டுவிட்டு உதவிக்கு வந்தவர். ஆனால் மனநோயின் எந்த அறிகுறி முக்கியமானது என்று அவருக்கு யாரும் கற்பித்ததில்லை. தமிழ் தெரிந்த நிபுணர் ஒருவர் வரும் வரை காத்திருப்பதைவிட, இப்போது இருக்கும் சிங்கள வைத்தியருக்குப் பயிற்சி பெற்ற தமிழ் உத்தியோகத்தர் ஒருவரைக் கிளினிக் நாட்களில் முழு நேரமாகக் கொடுப்பது உடனே செய்யக்கூடிய காரியம்.

கற்பித்தல் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், தோட்டங்களில் உயிர் போகும் சில சந்தர்ப்பங்களில் சிறிதளவு அறிவே உயிரைக் காக்கக்கூடியது என்பதுதான். ஆண்டுக்கணக்காக அன்றாடம் கசிப்பு எனப்படும் கள்ளச்சாராயமும் சாராயமும் குடித்த ஒருவர், கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் அல்லது ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரே நாளில் குடியை நிறுத்திவிடுகிறார். இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, இல்லாத பூச்சிகளைப் போர்வையிலிருந்து தட்டிவிடுகிறார், யாரோ வாசலில் நிற்பதாக அலறுகிறார். விரதத்தில் குற்றம் நேர்ந்ததால் சாமி தண்டிக்கிறது என்று ஊர் சொல்கிறது. பெரியவர்கள் திருநீறு போடுகிறார்கள். உண்மையில் அது குடியைத் திடீரென நிறுத்தியதால் மூளைக்கு ஏற்படும் குழப்பநிலை. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். உரிய நேரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றால், தயமின் எனப்படும் பீ ஒன்று உயிர்ச்சத்தையும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளையும் கொண்டு சில நாட்களில் அவரை மீட்டுவிடலாம். இதனைத் தோட்ட வைத்திய உதவியாளருக்கும், தோட்டத் தலைவருக்கும், ஏன் கோவில் பூசகருக்கும் ஒரு பிற்பகல் வேளையில் கற்பித்துவிடலாம். கற்பிக்க ஒருவர் வேண்டும். அது தம் வேலை என்று அவருக்கு மேலிடம் சொல்லியிருக்கவும் வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வும் அப்படியே. எடின்பரோ அளவுகோல் என்ற 10 வினாக்கள் 1987ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. குடும்ப சுகாதார உத்தியோகத்தர் எப்படியும் வீட்டுக்கு வருகிறார். பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டுத் தாயின் முகத்தைப் பாராமல் போகாதிருக்கப் பயிற்சியும் நேரமும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இனிச் சிகிச்சை முறைகளைப் பற்றி. மனநல வைத்தியத்தின் வரலாறு துணிந்து புதியன செய்தவர்களின் வரலாறுதான். 1949ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் லித்தியம் என்ற எளிய உப்பு, பித்துநிலையைத் தணிப்பதைக் கண்டார். 1952இல் பாரிஸில், மனச்சிதைவைத் தணிக்கும் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தது. பஞ்சாபின் அமிர்தசரஸில் 1950களில் டொக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளவில் கூடாரங்களை அடித்து, நோயாளரோடு குடும்பத்தினரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தார்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் குடும்பத்தார் உடன்தங்கும் முறை வேரூன்றியது. குடும்பத்தையே சிகிச்சைக் குழுவாக்கிய இந்த முறையை, இன்னும் கூட்டுக் குடும்பமாய் வாழும் எங்கள் லயங்களுக்கு மிக நெருக்கமானதாகக் கருதுகிறேன். இப்போது காந்த அலைகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சையும், கெட்டமின் வகை மருந்துகளும் பேசப்படுகின்றன. அவை பெரிய வைத்தியசாலைகளுக்கு வரட்டும், வரவேற்கிறேன். மலையகத்துக்கு அவசரமாகத் தேவைப்படும் புதுமை வேறு வகையானது.

குளோசபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்கு அதற்கு நிகரான மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் அது அரிதாக வெண்குருதிக் கலங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடியதாகையால், தொடக்கத்தில் 18 வாரங்களுக்குக் கிழமைதோறும் இரத்தப் பரிசோதனை செய்வதே பரவலாகப் பின்பற்றப்படும் முறை. நகரத்தில் வசிப்பவருக்கு இது சிரமம். மேல் டிவிஷனில் வசிப்பவருக்கோ மருந்தையே கைவிடச் செய்யும் தடை. இரத்த மாதிரியைத் தோட்ட மருந்தகத்திலேயே எடுத்து, கிழமையில் ஒரு நாள் வாகனத்தில் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பி, முடிவைத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு ஒன்று இருந்தால், எத்தனையோ இளைஞர்கள் மீண்டும் மலைக்கு வேலைக்குப் போவார்கள். அவ்வாறே மாதம் ஒருமுறை போடும் ஊசியையும், நோயாளி வைத்தியசாலைக்கு வந்து போடுவதற்குப் பதிலாக, சமூக மனநலத் தாதி டிவிஷனுக்கு வந்து போடலாம். இவற்றுக்குப் புதிய மருந்தோ கட்டடமோ வேண்டியதில்லை. ஆனால் தோட்டக் கம்பனி, மாகாண சுகாதாரத் திணைக்களம், வைத்தியசாலை ஆகிய மூன்றையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடிய வைத்தியத் தலைமை வேண்டும். தோட்ட மருந்தகங்கள் பல இன்னும் கம்பனிகளின் பொறுப்பிலேயே இருப்பதால், அந்த அழைப்பை விடுக்க இன்று யாருக்கும் தெளிவான கடமை இல்லாமற் போயிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 'ஸ்கார்ப்' நிறுவனம் ஒரு பஸ்ஸையே கிளினிக்காக மாற்றி ஊர் ஊராக அனுப்பியது. பஸ்ஸில் அமர்ந்த நோயாளி காணொளி வழியே சென்னையிலிருக்கும் மனநல வைத்தியரோடு தமிழில் பேசுவார். மருந்து அந்த பஸ்ஸிலேயே கொடுக்கப்படும். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பாதையில் அப்படியொரு வாகனம் ஓடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். 2017ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை போன்ற இடங்களை மையமாகக் கொண்டு இதனைத் தொடங்கலாம்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது சிம்பாப்வே நாட்டின் மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டாவின் பணி. வைத்தியசாலைக்கு வரப் பஸ் கட்டணம் இல்லாத காரணத்தால் தம்முடைய நோயாளியான இளம் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதை அவர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அதன் பின் அவர், ஹராரே நகரின் எம்பாரே பகுதியில் சமூக சுகாதாரப் பணியாளர்களாக இருந்த 14 பாட்டிமாரைத் தேர்ந்து, சுகாதார நிலையத்து மரத்தடி வாங்கில் அமர்ந்து மக்களின் மனக்கவலையைக் கேட்டு, பிரச்சினைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்க வழிகாட்டும் முறையில் பயிற்றுவித்தார். அப்பயனை முறையாக ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டபோது, அந்த வாங்கில் அமர்ந்தவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் வழக்கமான கவனிப்புப் பெற்றோரைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. இதைப் படித்தபோது தோட்டத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் எங்கள் பிள்ளைக்காம்பரா ஆயம்மாக்களே என் கண்முன் வந்தார்கள். காலையில் பிள்ளையை விடவும் மாலையில் எடுக்கவும் வரும் ஒவ்வொரு தாயின் கண்ணையும் பார்ப்பவர் அவர். யார் வீட்டில் அடி விழுந்தது, யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது கங்காணிக்கு முன்பே அவருக்குத் தெரியும். அறுபது வயதில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் மூத்த பெண்களும் டிவிஷன்தோறும் உண்டு. இவர்களில் இரகசியம் காக்கத் தெரிந்தவர்களைத் தேர்ந்து, கேட்கவும், ஆபத்தை இனங்காணவும், துண்டு எழுதி வைத்தியசாலைக்கு அனுப்பவும் ஒரு மனநல வைத்தியர் பயிற்றுவித்து, மாதந்தோறும் அவர்களோடு அமர்ந்து மேற்பார்வை செய்வாரானால், அதுவே இந்த மலைகளில் நிகழக்கூடிய மிகப் பெரிய புதுமை என்று நான் நம்புகிறேன். மேற்பார்வை இன்றிப் பயிற்சியை மட்டும் கொடுத்துச் சான்றிதழ் வழங்கிப் படம் பிடித்துக்கொண்டு போகும் கருத்தரங்குகளால் பயனில்லை; அவற்றைப் போதிய அளவு பார்த்துவிட்டோம்.

உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் போவதைப் பற்றிப் படித்தவர்கள் ஏளனமாகப் பேசுவதைக் கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் அவர்; குடும்பத்தார் சொல்வதை முழுவதும் கேட்பவரும் அவரே. பேராசிரியர் சோமசுந்தரம் மரபுச் சடங்குகளுக்குத் துயராற்றும் ஆற்றல் உண்டு என்பதை மதித்து எழுதியும் பணியாற்றியும் வந்தார். உடுக்கடிப்பவரோடு பகைக்காமல், 'பூசையும் செய்யுங்கள், மாத்திரையையும் நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ளும் வைத்தியருக்கு இங்கே மதிப்புக் கூடும். ஆனால் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் பிரம்பால் அடிப்பதையும் எந்தப் பெயரிலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

வைத்தியத் தலைமை கிளினிக்குக்கு வெளியேயும் செயற்பட வேண்டும் என்பதற்கு நம் நாட்டின் அனுபவமே உலகுக்குப் பாடம். 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அவ்வாண்டில் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகிய பூச்சிநாசினிகளும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட் என்ற களைநாசினி முதலியவையும் தடைசெய்யப்பட, இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 1998இல் சட்டம் திருத்தப்பட்டதால், காப்பாற்றப்பட்டவர் பொலிஸுக்குப் பயப்படாமல் சிகிச்சை பெறவும் வழி பிறந்தது. வைத்தியர்களும் ஆய்வாளர்களும் தரவுகளோடு அரசின் கதவைத் தட்டியதன் பயன் இது. தேயிலை மலைகளில் களைநாசினிகள் வீட்டுக்குள் வைக்கப்படுவதையும், கசிப்பு விற்பனையையும், நுண்கடன் கொடுப்போரின் நெருக்குதலையும் பற்றி மாவட்ட மட்டக் கூட்டங்களில் எழுந்து பேசக்கூடிய மனநல வைத்தியர் எங்களுக்கும் வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, சேவையைக் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை மனநல வைத்தியசாலையிலிருந்து மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுவருவதாகச் சொன்னது. அந்த வாக்கு மலையகத்தில் நிறைவேற, சுகாதார அமைச்சு சிலவற்றைச் செய்யலாம். ஒரு நிபுணர் ஊரையும் மக்களையும் பழகுவதற்குள் இடமாற்றம் வந்துவிடுகிறது. தோட்ட மாவட்டங்களில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பணியாற்ற முன்வருவோருக்கு வதிவிடமும் பிள்ளைகளின் கல்விக்கு உதவியும் ஆராய்ச்சிக்கு வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். அவரது நேரத்தில் கிழமைக்கு ஒரு நாளேனும் கற்பித்தலுக்கென ஒதுக்கப்பட்டு, அது கடமைப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். 1962ஆம் ஆண்டு முதல் வைத்தியர்களை உருவாக்கிவரும் பேராதனை மருத்துவ பீடம், தன் மாணவர்களை மனநலப் பயிற்சியின்போது சில நாட்களாவது தோட்ட டிவிஷன்களுக்கு அனுப்பினால், லயத்தைப் பாராமலே தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் செய்யும் நிலை குறையும். மலையகப் பிள்ளைகள் இன்று மருத்துவ பீடங்களுக்குச் செல்கிறார்கள். அவர்களில் சிலரேனும் மனநலத் துறையில் பட்டமேற்படிப்பைத் தெரிவுசெய்ய, மூத்த வைத்தியர்கள் பாடசாலைகளுக்கு வந்து இத்துறையைப் பற்றிப் பேச வேண்டும்.

தோட்டக் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மனநலக் கிளினிக்குக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும், கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் வழங்கப்பட வேண்டும் என்பதை அடுத்த சம்பளப் பேச்சில் சேருங்கள். சம்பள உயர்வுக்காகப் பேசும் மேசையில் இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

தாங்களும் 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை, தற்கொலைச் செய்தி வெளியாகும் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டு உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்,
பொகவந்தலாவை.